வராத பேருந்தும் பார்க்காத எலக்ட்ரானும்

"அப்பா, ஒரு பஸ் வரலைங்கிறதுக்கும், வந்துச்சு ஆனா நீங்க பாக்கலைங்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

காலை பத்து மணி இருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறை. என் மகள் தேவகி மடிக்கணினியைப் பாதி சாய்த்து வைத்துக்கொண்டு இதைக் கேட்டாள். முகம் சரியில்லை. தட்டில் வைத்த இட்லி வைத்தபடியே இருந்தது. சட்னியின் மேல் ஆடை கட்டியிருந்தது.

நான் முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இத்தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக: எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. படிப்பு, கணிதத்தில் முதுகலை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேர்காணலிலேயே கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்ததால் வேலை கிடைத்தது.

"வித்தியாசமே கிடையாது," என்றேன். "பதிவேட்டுல இல்லைன்னா வரலை. அதுதான் விதி."

தேவகி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "உங்கள மாதிரிதான்ப்பா நானும் மூணு வருசமா நினைச்சுட்டு இருந்தேன்," என்றாள்.

ஒரு வரிக் கேள்வி

அவள் பெங்களூரில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தாள். மயிரிழையை விடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கடத்திகளில் எலக்ட்ரான்கள் எந்த நேரத்தில் கடந்து போகின்றன என்பதுதான் அவள் பொருள். மின்சாரம் என்றால் குழாயில் தண்ணீர் மாதிரி என்று பள்ளியில் படித்தவன் நான். அப்படி இல்லையாம். அந்தக் குட்டிக் கடத்தியின் நடுவில் ஓர் அறை. அறையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான் இருக்கலாம். அது வெளியேறினால்தான் அடுத்தது நுழையும். பக்கத்திலேயே ஒரு கருவி உட்கார்ந்து, அறை காலியா, ஆள் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டே இருக்கும்.

"டைம் கீப்பர்!" என்றேன்.

"ஆமாப்பா. அதேதான்."

ஆறு ஆண்டுகளாக என் மகள் எனக்கு ஒரு சக ஊழியரைத்தான் மேய்த்துக்கொண்டிருந்தாள் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு நொடிக்குச் சராசரியாக எத்தனை எலக்ட்ரான் போகிறது என்பது யாருக்கும் பெரிய விஷயமில்லை. ஒன்று போனதற்கும் அடுத்தது போனதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதுதான் அவள் கணக்கு. பெரும்பாலும் இடைவெளிகள் ஒழுங்காக இருந்தன. ஆனால் அவ்வப்போது, கோட்பாடு அனுமதிப்பதைவிட அதிகமாக, நீண்ட இடைவெளிகள் வந்தன. ஏதோ ஒன்று எலக்ட்ரானை வழியில் பிடித்து நிறுத்துகிறது என்று அவள் ஒரு காரணம் கண்டுபிடித்து, அதையே ஆய்வேட்டின் ஆறாம் அத்தியாயமாக எழுதியிருந்தாள். ஆய்வேட்டிலேயே புதிய விஷயம் அதுதான்.

அன்று காலை, வெளியூர்த் தேர்வாளர் ஒருவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது. "அந்த நீண்ட இடைவெளிகளில் எலக்ட்ரான் வரவில்லையா, அல்லது உங்கள் கருவி பார்க்கவில்லையா?"

வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள். அதற்குள் பதில் போக வேண்டும். பதில் சரியில்லை என்றால் தேர்வு தள்ளிப்போகும். பட்டம் கையில் வந்தால்தான் வெளிநாட்டில் கிடைத்த வேலையில் போய்ச் சேர முடியும். அவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள்.

சராசரியில் ஏற முடியுமா?

சராசரி என்றதும் ஓர் அம்மாள் நினைவுக்கு வருகிறார். தக்காளிக் கூடையோடு தினமும் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார்.

"ராசபாளையம் வண்டி எப்ப சார் வரும்?"

"சராசரியா ஆறு நிமிசத்துக்கு ஒண்ணும்மா."

"அரை மணி நேரமா நிக்கேன். ஒண்ணையும் காங்கல."

"இப்ப மூணு சேந்து வரும். சராசரி சரியாயிரும்."

"சராசரியில ஏறி உக்கார முடியுமா சார்?"

கணிதத்தில் முதுகலை பெற்றவன் பதிவேட்டுக்குள் குனிந்துகொண்டேன். அவர் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டுதான் உலகம் முழுக்க இயற்பியல் கூடங்களில் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள் என்று தேவகி பின்னால் சொன்னாள். அந்த அம்மாளுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் தக்காளி நசுங்காமல் இருந்திருக்காது.

தனியார் வண்டிகள் சங்கதி வேறு. முன்னால் போகிறவன் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று ஆள் ஏற்றினால், பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே அவன் பரம்பரையை விசாரிப்பான். டைமிங் சண்டை முற்றி, ஒருமுறை இரண்டு நடத்துநர்களும் என் மேசை மேலேயே ஆளுக்கொரு கடிகாரத்தை வைத்துவிட்டு, எது சரி என்று தீர்ப்புக் கேட்டார்கள். இரண்டும் தப்பு என்றேன். அன்று மட்டும் இருவரும் ஒற்றுமையாக வெளியேறினார்கள்.

எலக்ட்ரான்கள் இப்படி ஒட்டிக்கொண்டு வருவதில்லையாம். ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் தள்ளித் தள்ளி வருமாம். இதைக் கேட்டபோது அவற்றின்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டானது.

பதில் எழுதும் கலை

அலுவலகத்தில் வரும் கேள்விக்குப் பதில் எழுத மூன்று முறைகள் உண்டு. கேட்டதை விட்டுக் கேட்காததற்கு விரிவாகப் பதில் எழுதலாம். கேள்வி எந்த விதியின்கீழ் கேட்கப்பட்டது என்று திருப்பிக் கேட்கலாம். "உரிய கவனம் செலுத்தப்பட்டு வருகிறது" என்று எழுதி, கேட்டவர் ஓய்வு பெறும்வரை காத்திருக்கலாம். மூன்றிலும் எனக்கு நல்ல தேர்ச்சி.

அரை மணி நேரத்தில் ஒரு வரைவு தயார் செய்து கொடுத்தேன். தேவகி படித்துப் பார்த்தாள்.

"இதுல பதில் எங்கப்பா இருக்கு?"

"இருக்கக் கூடாது. அதுதான் இதுல விசேஷம்."

"அப்பா, இது ஆடிட் இல்ல. அவர் கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி."

சரஸ்வதி, என் மனைவி, இட்லித் தட்டை எடுக்க வந்தவள் நின்றாள். "இவுக சொல்றதைக் கேட்டு எதையும் எழுதித் தொலைக்காத ஏட்டி. இவுக எழுதுனதுக்கு ஒருத்தரும் பதில் போட்டதே கிடையாது."

தேவகிக்கு வேண்டியது ஓர் ஒத்திகை. பார்க்காமல் விட்டால் இடைவெளிகளின் படம் எப்படி மாறும், பார்த்தும் வராமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று வேறு எதிலாவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

"ஒண்ணுகூட விடாம பாத்து எழுதின பதிவேடு எங்கயாவது கிடைச்சா நல்லாருக்கும்," என்றாள்.

"எங்கயாவது எதுக்கு? பரண்ல இருக்கு," என்றேன். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

அழிக்கப்பட்ட பதிவேடுகள்

பதிவேடுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று விதி. பட்டியல் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எரித்து, சான்று இட வேண்டும். நான் பட்டியல் எழுதினேன். சான்றும் இட்டேன். எரிக்க மனம் வராமல், என் கையெழுத்தில் இருந்தவற்றை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். ஆக, ஆவணப்படி அவை சாம்பல். எங்கள் பரணில் இருப்பவை ஆவணப்படி இல்லாதவை.

இல்லாத பதிவேடுகள் பதினான்கை இறக்கினோம். பாச்சா உருண்டை வாசனையும் பல்லி முட்டையுமாக வந்தன. சரஸ்வதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராஜபாளையம் போகும் வண்டிகளின் நேரத்தை வாசிக்க, தேவகி கணினியில் ஏற்றினாள். இரண்டு நாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் என் எழுத்தின் நேர்த்தியைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் இடைவெளிகளின் வரைபடம் திரையில் வந்தது. ஆறு நிமிடத்தருகே பெரிய மேடு. சரி. ஆனால் இருபத்தைந்து நிமிடத்தருகே இன்னொரு குட்டி மேடு.

"இது என்னப்பா?"

"அது ஓட்டுநர்களோட ஒழுங்கீனம். ஒவ்வொண்ணுக்கும் அறிக்கை எழுதி அனுப்பியிருக்கேன். மெமோ போயிருக்கு." அறிக்கை என்னுடையது, மெமோவில் கையெழுத்து மேலாளருடையது, வாசகமும் என்னுடையதே.

"எல்லாமே காலையில பதினொரு மணி பக்கமாத்தான் வருது."

"வெயில் ஏறுற நேரம். சோம்பல்."

"புரட்டாசி சனிக்கிழமையில மட்டும் ஒண்ணுகூட இல்லை."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதை நான் பணியில் இருந்தபோதே கவனித்திருந்தேன். புரட்டாசிச் சனியன்று ஓட்டுநர்கள் பெருமாளுக்குப் பயந்து ஒழுங்காக வண்டி ஓட்டுகிறார்கள் என்றும், அந்தப் பக்தியை மற்ற நாட்களுக்கும் விரிவாக்க ஆவன செய்யலாம் என்றும் நான்கு பக்கக் குறிப்பு ஒன்று மேலே அனுப்பியிருந்தேன். "பார்வையிடப்பட்டது" என்று திரும்பி வந்தது.

தேவகி அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அந்தச் சனிக்கிழமைகள்ல நீங்க என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள்.

"விரதம்."

சரஸ்வதி கண்ணாடியைக் கழற்றினாள். "மத்தியானம் பூசை முடியிற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாது. ஒரு வாய் டீ கூடக் கிடையாது."

தேவகி படத்தில் அந்தக் குட்டி மேட்டின்மேல் விரலை வைத்தாள்.

"மத்த நாள்ல பதினொரு மணிக்கு டீ குடிக்கப் போவீங்களா?" என்றாள் மகள்.

"மூணு நிமிசம். பஸ் ஸ்டாண்டு வாசல் கடைதான்."

"மூணு நிமிசமாம்!" என்றாள் சரஸ்வதி. "வீட்டுல குடுத்தா பேப்பர் பூரா படிச்சு முடிச்சு, ஆறிப்போச்சுன்னு திருப்பிக் குடுக்கிற ஆளு. அங்க மட்டும் மடக் மடக்னு குடிச்சிருவாகளாம். பால்கோவா வேற தின்னுருப்பாக."

தேவகி ஏதோ தட்டினாள். "பதினெட்டு நிமிசம்ப்பா," என்றாள். "காணாம போன பஸ்களை வச்சே சொல்லிரலாம்."

முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் நான் என் டீயின் நீளத்தைப் பதிவேட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் சேர்த்து.

கண் சிமிட்டும் கருவி

எனக்கு நேர்ந்ததைப் பார்த்துச் சிரித்த தேவகி, சிரித்து முடிப்பதற்குள் தன் ஆறாம் அத்தியாயத்தைத் திறந்தாள். அவள் கருவியும் டீ குடிக்கப் போயிருக்கலாம்.

ஓர் எலக்ட்ரான் எழுந்து போய், அடுத்தது சட்டென்று வந்து உட்கார்ந்துவிட்டால், அதற்குள் கருவி ஒரு முறை கண் சிமிட்டினால் போதும். ஒரே ஆள் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதாகத்தான் அது எழுதும். இரண்டு சின்ன இடைவெளிகள் ஒட்டி ஒரு பெரிய இடைவெளி ஆகிவிடும்.

கருவியை இன்னும் சுறுசுறுப்பாக்க முடியாது. ஆனால் பதிவான தகவலை வேண்டுமென்றே மழுக்கி, கருவி இன்னும் மந்தமாக இருந்திருந்தால் என்ன எழுதியிருக்கும் என்று பார்க்க முடியும். மந்தம் கூடக் கூட நீண்ட இடைவெளிகளும் கூடினால், குற்றம் கருவி மேல். கூடாமல் அப்படியே இருந்தால், எலக்ட்ரான் உண்மையிலேயே வரவில்லை.

"அதாவது, எனக்கு ரெண்டு டீ குடுத்துப் பாக்கிற மாதிரி," என்றேன்.

"அதேதான்ப்பா."

மறுநாள் மாலை அவள் அறையிலிருந்து வெளியே வந்து, சோபாவில் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். மந்தம் கூடக் கூட நீண்ட இடைவெளிகளின் மேடும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டி, மந்தமே இல்லாத கருவி பார்த்திருக்கக்கூடியதைக் கணித்தால், மேட்டில் முக்கால்வாசிக்கு மேல் கரைந்துவிடுகிறது. ஓரத்தில் ஏதோ கொஞ்சம் மிச்சம். அது என்ன என்று சொல்ல அவளிடம் தகவல் போதாது.

"மூணு வருசம்ப்பா."

எனக்கு வாய் அரித்தது. என் வரைவு மேசை மேலேயே இருந்தது. தேர்வாளர் இந்தச் சோதனையைக் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. ஒரு பிள்ளையின் வேலை போகிற விஷயம். தள்ளிக்கொண்டு போகலாம் என்று சொல்லப் போனேன்.

சரஸ்வதி அவள் தலையில் கை வைத்து, "சாப்பிட்டுட்டு எழுதுட்டி," என்றாள். "எதுவா இருந்தாலும் உள்ளதை எழுது."

தேவகி இரண்டு வரி எழுதினாள். "நீங்கள் சந்தேகித்தது சரி. பெரும்பாலானவற்றைக் கருவி பார்க்கவில்லை." கீழே சோதனையின் படங்களை இணைத்து அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் சாப்பிட்டாள்.

தேர்வாளரிடமிருந்து நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. தேர்வு நடக்குமா நடக்காதா என்றுகூடத் தெரியவில்லை. ஐந்தாம் நாள், குறித்த தேதியிலேயே நடக்கும் என்று மட்டும் வந்தது.

கதவுக்கு வெளியே

தேர்வு இணையவழி. எங்கள் உள்ளறையில், பின்னால் பீரோ தெரியாமல் இருக்க வேட்டி ஒன்றைக் கட்டி, அதன்முன் தேவகி உட்கார்ந்தாள். நானும் சரஸ்வதியும் கதவுக்கு வெளியே. உள்ளே ஆங்கிலம் ஓடிற்று. ஒரு கட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைப் படத்தைக் காட்டியிருக்கிறாள்.

தேர்வாளர், அந்த டைம் கீப்பரின் பதிவேடுகளை மற்றவர்களும் பார்க்க முடியுமா என்று கேட்டார். "அதிகாரபூர்வமாக அவை எரிக்கப்பட்டுவிட்டன," என்றாள் என் மகள். மறுபடி சிரிப்பு. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுவே முதல்முறை.

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தாள். அழுதிருந்தாள். தேறிவிட்டாள். ஆறாம் அத்தியாயத்தின் முடிவை நீக்கி, கண்டுபிடித்த விதத்தை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் கொடுத்துவிடலாம்.

பாயாசத்துக்கு அடுப்பு பற்ற வைத்தபோது சொன்னாள். "என் தப்பை நான் எழுதிக் குடுத்துட்டேன்ப்பா. உங்க மெமோ வாங்கினவங்க?"

வன்னியம்பட்டி

பலருக்கு மெமோ போனது உண்மை. பெரும்பாலும் எச்சரிக்கையோடு முடிந்தது. ஒருவருக்கு மட்டும் முடியவில்லை. முத்தையா என்ற ஓட்டுநர். ராஜபாளையம் வண்டி ஒரு நடை வரவே இல்லை என்று நான் அறிக்கை எழுத, அவர் விளக்கம் கொடுத்தார். "ஐயா, நான் வந்தேன். ஹாரன் அடித்தேன். தாங்கள் நாற்காலியில் இல்லை." நான் எழுதிய மறுமொழி இன்னும் மனப்பாடம். "நாற்காலியின் நிலை குறித்துத் தங்களிடம் விளக்கம் கோரப்படவில்லை." ஓராண்டு வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார்.

முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, அன்றைய அறிக்கை என் இல்லாமையால் நேர்ந்த பிழை, வருந்துகிறேன் என்று. அசல் ஒன்று, நகல் ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து அவர் ஊரான வன்னியம்பட்டிக்கு வண்டி ஏறினேன்.

முத்தையா வீட்டு வாசலில் மோட்டார் பம்புக்கு வாஷர் மாட்டிக்கொண்டிருந்தார். கையில் கிரீஸ். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க சார். என்ன இம்புட்டுத் தூரம்? இன்னும் ஏதாச்சும் விளக்கம் பாக்கி இருக்கா?"

கடிதத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, உதட்டை அசைத்து முழுவதும் படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துத் தேதியைப் பார்த்தார்.

"இந்தத் தேதியில நான் வரலையே சார்."

"என்னது?"

"நெசமாவே வரலை. எங்க அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்காராம காது குத்த முடியுமா? லீவு கேட்டேன். ஏழு நாளைக்கு முன்னாடி எழுதிக் குடுக்கலைன்னு நீங்கதான் திருப்பிட்டீக. முகூர்த்தம் வச்சதே நாலு நாளைக்கு முன்னாடிதான். அதான், வண்டிய எங்கூருக்குப் பிரியிற விலக்குல ஓரங்கட்டிட்டு, காக்கிச் சட்டையோட போயி உக்காந்துட்டேன்."

"வண்டியில் இருந்த ஆட்கள்?"

"அவியளும் வந்தாக. பிள்ளைக்குத் திருநீறு பூசிட்டு, பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு ஏறுனாக. ஒரு பெரியவரு மட்டும் கோர்ட்டுக்கு நேரமாச்சுன்னு குதிச்சாரு. அவரை மொதப் பந்தியில உக்கார வச்சோம். பொறவு அவருதான் கடைசியா எந்திரிச்சாரு. நேரமாயிப்போச்சேன்னு ஸ்டாண்டுக்குள்ள வராம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆளுகளை ரோட்டுலயே எறக்கிவிட்டுட்டு ராசபாளையம் போயிட்டேன்."

"ராஜபாளையத்தில் டைம் கீப்பர் பார்க்கவில்லையா?"

"அவரும் சீட்டுல இல்ல சார்."

"அப்புறம் எப்படி ஹாரன் அடித்தேன் என்று எழுதினீர்?"

"நான் எங்க எழுதுனேன்? சங்கத்துக்காரரு எழுதுனது. பதினொரு மணிக்கு நீங்க சீட்டுல இருக்க மாட்டீகன்னு ஊருக்கே தெரியும், அதையே எழுதுவோம்னாரு."

ஆக, என் அறிக்கைகளில் ஓராண்டுத் தண்டனை வாங்கிக்கொடுத்த அந்த ஒன்றுதான் உண்மை. அதுவும் நான் பார்த்து எழுதியதல்ல.

விதி தெரிந்தவன் சும்மா இருக்க முடியாது. "அப்படியானால் இந்தக் கடிதத்துக்கு முகாந்திரம் இல்லை. திருப்பிக் கொடுங்கள்," என்றேன்.

முத்தையா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அதெப்படி சார்? அந்த ஒரு நாளு நான் வரலை, நீங்க எழுதிட்டீக. மத்த நாளெல்லாம் வந்தேன்ல? எத்தனை நாளு பேரு விட்டுப்போச்சோ! அதுக்கு இருக்கட்டும்."

மறுக்க எனக்கு விதி எதுவும் கிடைக்கவில்லை. நகலை நீட்டி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டேன். கிரீஸ் விரல் பதியக் கையெழுத்துப் போட்டார். தேதி எழுதினார். நேரமும் எழுத வேண்டும் என்றேன். பதினொன்று ஐந்து என்று என் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்த் தம்முடைய கடிகாரத்தைப் பார்த்து வந்து எழுதினார்.